மூலை வெட்டிய படங்கள்

மகனே,

உன் கார்டு போன வியாழக்கிழமை வந்தது. நான் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களுக்கும் சேர்த்து நீ நான்கு வரி எழுதியிருக்கிறாய். படத்துக்கு அடியில் வரும் வாசகத்தை எழுதுவது பத்திரிகைக்காரர்களின் வேலை, அதில் உனக்குச் சம்பந்தம் இல்லை என்பது முதல் வரி. பெயர் விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று உனக்குப் புரியவில்லை, என் படங்களுக்கு முதன்முதலில் உன் பெயரைச் சொன்னதே நான்தானே என்பது இரண்டாவது வரி. மூன்றாவதில் பம்பாயில் மழை. நான்காவதில், தகர டப்பாவில் மீதியிருக்கும் நெகடிவ்களை, மூலை வெட்டியவற்றையும் சேர்த்து, பத்திரமாகப் பார்சல் கட்டி அனுப்பச் சொல்கிறாய். பத்திரிகைக்கு இன்னும் வேண்டுமாம். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பிடித்துப் பழக்கியதும் நான்தான்.

கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார், கொடுத்துவிட்டுப் போகிற வழியில் எதிர்வீட்டுக்காரரும் விசாரிப்பார் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் கார்டில் எழுதினாய். ஆகவே நானும் உறைக்குள் வைத்து எழுதுவதை விட்டுவிட்டேன். இதை ஒரு மாதர் மாத இதழுக்கு அனுப்புகிறேன். ஒரு பிரதி உன் விலாசத்துக்கு வரும். நாலு பேர் கூடும் இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு நா எழாது என்பது உனக்குத் தெரியும். புத்தகமும் நானுமாக இருந்துவிட்டுப் போகிறவள் நான். இருந்தாலும் நீ செய்ததை ஊர் பார்க்கச் செய்தாய். அதற்கான பேச்சு மட்டும் ஏன் நம் இருவருக்குள் இருக்க வேண்டும்? உன் பெயரும் என் பெயரும் இதில் வராது. படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை இங்கே ஜைத்தூன் என்று எழுதப்போகிறேன். அது அவள் பெயர் இல்லை. இப்படி எழுதப்போகிறேன் என்று அவளிடமே போய்ச் சொல்லி, அவள் சரி என்ற பிறகு எழுதுகிறேன். "ஒரு நல்ல பேராப் போடுங்க டீச்சரம்மா, பேராச்சும் நம்ம இஷ்டத்துக்கு இருக்கட்டும்" என்று அவளே தேர்ந்து கொடுத்த பெயர் அது.

நீ வேலை பார்க்கும் அந்தப் பம்பாய்ப் படப் பத்திரிகை எங்கள் பள்ளிக்கு வாரந்தோறும் வருவது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஆசிரியைகள் அறையில், பெஞ்சு மேல், ஆளுக்கு ஐந்து நிமிஷம் புரட்டிவிட்டு வைப்போம். அன்று இடைவேளையில் ரோஸ் டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க டீச்சர், இம்புட்டு அமுக்கமா இருக்கீங்களே! பையன் பேரு பம்பாய் பத்திரிகையில வந்திருக்கு. நீங்க பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கிட்டு இருக்கீங்க. ஒரு லட்டு கூடக் கிடையாதா?"

"எங்க, காட்டுங்க" என்று வாங்கினேன். கை முழுவதும் சிவப்பு மை. இரண்டு பக்கங்களில் நான்கு படங்கள். மேலே உன் பெயர், தடித்த எழுத்தில். நண்பகலில் மூட்டைகள் மேல் தூங்கும் சுமைகூலிகள். ஒருவர் யுத்தச் செய்தியை உரக்கப் படிக்க, பாதி முகம் சோப்பு நுரையோடு இன்னொருவர் திரும்பிப் பார்க்கும் சவரக் கடை. மில் விட்டு வரும் கூட்டம், எல்லோர் கையிலும் தூக்குவாளி, ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு சிரிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் நான் எங்கே நின்றேன், எந்தக் காலில் செருப்பு வார் அறுந்திருந்தது, சவரக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நான் நின்ற இடங்களில் எல்லாம் உன் பெயர் நின்றது. "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் ரோஸ் டீச்சர். நான் சிரித்தேன். அப்படித்தான் பழகியிருக்கிறேன். நான்காவது படம் பக்கத்தில் பாதியை அடைத்திருந்தது. ஜைத்தூன். அதற்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: மதுரைத் தெருவில் ஒரு பிச்சைக்காரி.

அதற்கு மேல் மணி அடித்ததும், வகுப்புக்குப் போனதும், எதைப் பாடம் நடத்தினேன் என்பதும் எனக்குத் தெரியாது.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் நீ மறந்ததாகக் காட்டிக்கொள்வதால் ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். பதினாறு வயதில் உன்னைப் பெற்றவள் நான். தல்லாகுளம் கோர்ட்டில் நகல் எழுதிக்கொண்டிருந்த உன் அப்பா விஷக் காய்ச்சலில் போனபோது எனக்கு இருபத்து மூன்று, உனக்கு ஏழு. மிஷன் பள்ளியில் வேலை கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் தன் தேசத்துக்குத் திரும்பும்போது, "நீ சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாய், இதை வைத்துப் பார்" என்று தன் பெட்டிக் கேமராவை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். மற்றக் கேமராவைப் போல அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டாம். இடுப்பளவில் வைத்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தால் போதும். தலை நிமிர்ந்து நடக்கும் பெண்ணை நம் ஊரில் எல்லோரும் பார்ப்பார்கள். தலை குனிந்து போகிற விதவையை யார் பார்க்கப்போகிறார்கள்? பள்ளிப் பைக்குமேல் பெட்டி, பெட்டிமேல் முந்தானை, குனிந்த தலை. அடக்கமான டீச்சர் என்று ஊர் சொல்லிற்று. அந்த அடக்கத்துக்குள் இருந்துகொண்டு மாசி வீதிகளையும் தெற்குவாசல் சந்துகளையும் வெங்காய மண்டியையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். பக்கத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நீ வருவாய். நெருக்கமான இடங்களில் முன்னால் போய் நின்று என்னை மறைத்துக்கொள்வதும் உன் வேலை.

மூலை வெட்டும் பழக்கம் எப்படி வந்தது என்பதாவது நினைவிருக்கிறதா? ஸ்டேஷனுக்கு எதிரில் ஜட்கா ஸ்டாண்டில், ஒரு வண்டிக்காரர் தன் குதிரையின் நிழலிலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்காக நான் வெகுநேரம் குனிந்து நின்றுவிட்டேன்.

"என்ன தாயி, இம்புட்டு நேரமா பொட்டிக்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கீக? உள்ள என்ன, கோழி குஞ்சு பொரிக்குதா?"

எனக்கு உயிரே போயிற்று. நீதான் முந்திக்கொண்டு, "படம் எடுக்குற பொட்டிண்ணே" என்று உளறினாய். அவர் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"என்னைய எடுத்தா எடுத்துக்கங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். குதிரைய எடுத்துப்புட்டீகளே! விலா எலும்ப எண்ணிப்புடலாம். முனிசிபாலிட்டில எவனாச்சும் பாத்தான்னா என் லைசென்ஸ கிழிச்சிருவான்."

"யாருக்கும் காட்ட மாட்டேண்ணே" என்றேன்.

"காட்ட மாட்டேம்பீக. நூறு படத்துல இது எதுன்னு எப்படித் தெரியும்? நாங்க நொண்டுற குதிரைக்குப் பிடரியில ஒரு துணியக் கட்டி வுட்டுருவோம், எவனும் வண்டியில பூட்ட மாட்டான். அந்த மாதிரி எதாச்சும் செஞ்சு வையிங்க."

ஸ்டூடியோவிலிருந்து பிலிமைக் கழுவி வாங்கிவந்த அன்று கத்தரிக்கோலை உன் கையில் கொடுத்தேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த நெகடிவின் மேல் மூலையை வெட்டினாய். அதற்குப் பிறகு யார் யார் வேண்டாம் என்றார்களோ அவர்கள் படத்துக்கெல்லாம் மூலை போயிற்று. வெட்டுவது எப்போதும் நீதான். "இது அம்மா சத்தியம் பண்ணுன படம்" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவாய். வேண்டாம் என்றவர் படத்தை அழித்துவிடுவதே நேர்மை. மூலையை வெட்டிவிட்டு வைத்துக்கொள்வது பாதி நேர்மை. அதை அன்று நான் யோசிக்கவில்லை. என்னிடம் பாதி நேர்மையைக் கற்றவன், மீதிப் பாதியையும் கைவிடுவதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், நீ அதைத்தானே என் முகத்தில் எறிந்திருக்கிறாய். உனக்குப் பன்னிரண்டு வயது. அறுப்பின் பண்டிகைக்குத் திருச்சபை மண்டபத்தில் கைவேலைகளோடு என் படங்கள் எட்டைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். யார் எடுத்தது என்று எழுதவில்லை. போதகர் ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள், எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள்: "தெருத் தெருவாப் போயில்ல எடுத்திருக்கு. கேமராவத் தூக்கிக்கிட்டு எந்தப் பொம்பள இப்படி அலையும்?" போதகர் திரும்பி, "டீச்சர், இதெல்லாம் யாரு, நீங்களா எடுத்தீங்க?" என்று கேட்டார். ஒரு நொடிதான். "இல்லங்க ஐயா, மகன் எடுத்தது" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் படம் எடுக்கவில்லை, ஆனாலும் அது என்னிடம் இருக்கிறது. அவர் உன் கையைக் குலுக்கி ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "அம்மா, அது பொய்தானே?" என்று கேட்டாய். "பொய் இல்லய்யா, வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி" என்றேன். ஒரு பொய்யைச் சொன்னதைவிட, அது பொய் இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே பெரிய தப்பு. அதன் பிறகு எங்கே யார் கேட்டாலும் நீ தயங்காமல், "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லத் தொடங்கினாய். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. இதை நான் மறைக்கவில்லை. உன் கார்டின் இரண்டாவது வரி உண்மைதான். ஆனால் நான் உன் பெயரைச் சொன்னது நாலு பேர் வாய்க்குப் பயந்து. நீ உன் பெயரைப் போட்டது அந்தப் படங்களைக் காட்டி ஓர் உத்தியோகம் வாங்குவதற்கு. உன் பெயர் வெறும் குடை, அதன் அடியில் இருந்த படங்களோ எனக்கு வீடாகவே இருந்தன, மகனே. அந்த வீட்டைத்தான் நீ எடுத்துக்கொண்டு போனாய்.

இனி ஜைத்தூன். யுத்தத்தின் நான்காவது வருஷமோ ஐந்தாவதோ. அவள் புருஷன் ரங்கூனில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு காகிதம் கூட இல்லை. வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. அவள் மகள் என் வகுப்பில் படித்ததால் எனக்குப் பழக்கம். நோன்பு மாதத்தில் அந்த அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு இரண்டாவது கோப்பையும் கேட்டவன் நீ. பிறந்ததிலிருந்து தெருவில் நின்றிராத அந்தப் பெண் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். நல்ல வெயில். நான் எதிர்ச்சாரியில் இருந்தேன். கடைக் கதவு திறக்கிறதா என்று பார்க்க அவள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். முக்காடு தோளில் விழுந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்குள் அந்த முகம் வந்து நின்றது. அதில் பயம் இருந்தது. அதோடு, தெரு என்பது இப்படித்தான் இருக்குமா என்று முதன்முதலாகப் பார்க்கிற ஒரு சின்ன வேடிக்கையும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்த அந்த நொடியில் விசையைத் தட்டினேன். என் வாழ்நாளில் நான் எடுத்ததில் அதற்கு இணை வேறில்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அரிசி வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, அதுல என் மூஞ்சி விழுந்திருச்சா?"

"விழுந்திருக்கும்."

"அழிச்சிருங்க. அவுக ரங்கூன்லேருந்து வந்தா, நான் தெருவுல நின்னத வேணா யாராச்சும் சொல்லட்டும். கண்ணால பாக்க வேணாம்."

சரி என்றேன். அந்த நெகடிவின் மூலையை நீ வெட்டினாய். உனக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அம்மா, இதைப் போயா காட்டக் கூடாது?" என்று கேட்டாய். சில வாரங்கள் கழித்து ஜைத்தூன் கேட்டாள்: "அழிச்சிட்டீங்கல்ல?" அழித்துவிட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்" என்றாள். அழிக்க என்னால் முடியவில்லை. டப்பாவின் அடியில், ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். எப்போதாவது எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். உன்னை நான் குற்றம் சொல்லும் இந்தக் கடிதத்தில் என் குற்றமும் இருக்கட்டும்.

நீ பம்பாய்க்குப் புறப்பட்ட நாள் ஒன்றை மட்டும் என்னால் கடக்க முடியவில்லை. உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். "பெட்டிய நானே அடுக்கிக்கிறேம்மா, நீங்க உக்காருங்க" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்டான் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த ஒரே கேமராவை நானே துணி சுற்றி உன் கையில் கொடுத்தேன்; எனக்கு இனி எதற்கு என்றேன். ஸ்டேஷனில், "போயிட்டு வாரேம்மா" என்று ஜன்னலில் கையாட்டியபோது உன் பெட்டியின் அடியில் என் படங்கள் இருந்தன. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மூட்டைத் தூக்கிகளையும் சவரக் கடையையும் மில் பெண்களையும், உன் பெயரிலேயே போட்டுக்கொள் என்று கூடக் கொடுத்திருப்பேன். கேட்காததற்குக் காரணம் ஒன்றுதான். டப்பாவின் அடியில் இருந்த அந்த ஒன்றை மட்டும் தர மாட்டேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளைக் காகிதத்தைப் பிரித்து, மூலை வெட்டியதைப் பார்த்து, தெரிந்தே எடுத்தாய். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடாதே. பத்திரிகையில் வந்த படத்தில் அந்த மூலை தெரியாதபடி ஒரு பக்கத்தையே நறுக்கியிருக்கிறாய். மறந்தவன் மறைக்க மாட்டான். பிச்சைக்காரி என்று எழுதியவர் யாரோ. அவரிடம், இவர் கையால் நான் கஞ்சி குடித்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நீ.

நீ எடுத்த படங்களையும் எனக்குத் தெரியும். கோபுர நிழல், பூட்டிய கடைகள், மழைக்குப் பின் வெறுமையான வீதி. ஒளி உனக்கு என்னைவிட நன்றாகப் பிடிபடுகிறது. ஆனால் அவற்றில் ஆள் இருக்க மாட்டார்கள். மனிதர் முகத்துக்கு எதிரே நிற்க உனக்குக் கூச்சம். ஒளிந்து பார்க்கவே உன்னைப் பழக்கினேன், பார்க்கப்படுவதற்குப் பழக்கவில்லை. தெருவில் படம் எடுக்கிறவனுக்கு இரண்டும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எடுத்த பிறகு நிமிர்ந்து, நான்தான் எடுத்தேன் என்று அந்த ஆளின் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லாவிட்டால், அந்தப் படம் நம்முடையது இல்லை. இதை உனக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு வந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது.

பத்திரிகையைப் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொண்டு ஜைத்தூன் வீட்டுக்குப் போனேன். வேறு யாராவது போய்ச் சொல்வதற்குமுன் நான் சொல்ல வேண்டும். ரங்கூன் போனவர் இன்னும் திரும்பவில்லை; அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மெட்ராஸில் தோல் மண்டி வைத்திருப்பவர்கள், இந்த மாதிரி இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பார்க்கிறவர்கள். அவள் பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் முதலில். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். பொய்."

"ஏன்?"

"ரொம்ப நல்லா வந்திருந்தது. அழிக்க மனசு வரல."

"எனக்கும்தான் அன்னைக்கு வரிசையில நிக்க மனசு வரல. நின்னேனா இல்லையா?"

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். "அடியில என்ன எழுதியிருக்கு?" என்று விரலை வைத்தாள். மதுரையில் ஒரு பெண் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. "பிச்சைக்காரின்னு போட்டிருக்கு" என்றேன்.

"எனக்கு முன்னால நின்னவங்க வக்கீல் வீட்டம்மா. அவுக கையிலயும் இதே சாக்குதான். அவுகளும் பிச்சைக்காரியா?"

"அவங்க முதுகு மட்டும்தான் தெரியுது."

"அப்ப முகம் தெரிஞ்சதுதான் என் தப்பு." பக்கத்தை மடித்தாள். "மெட்ராஸ்காரவுகளுக்கு நானே ஆள் விட்டுச் சொல்லிருறேன். இது நான்தான், ரேஷன் அரிசிக்கு நின்னேன், வேணும்னா பொண்ணு எடுங்க, வேணாட்டி விடுங்கன்னு. ஒளியிறதுக்கு நான் என்ன திருடிட்டா வந்தேன்?" மடித்ததை மறுபடி விரித்து, "மேல என்ன, தம்பி பேரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவன் எங்க அன்னைக்கு அங்க இருந்தான்? நீங்கதானே நின்னீங்க!" என்றாள்.

அந்தப் படம் என்னுடையது என்று இத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே ஆள், அதனால் அவமானப்பட்டவள். நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றாததும் சரிதான். எழுந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாள்: "அந்த பிலிமு எனக்கு வேணும். தபால்ல வேணாம். அவனையே கொண்டாரச் சொல்லுங்க. நான் அவனப் பாக்கணும்."

மீதியைக் கேட்டாயே. மூலை வெட்டியவை டப்பாவில் பதினொன்று இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நான் இந்த இரண்டு வாரமாக வீடு வீடாகப் போகிறேன். எட்டுப் பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். ஜட்காக்காரர் இப்போது பழங்காநத்தத்தில் மகளோடு இருக்கிறார். "குதிரையே செத்துப் போச்சு, இத வச்சு நான் என்ன தாயி பண்ண?" என்றார், ஆனாலும் அதை வானத்தில் பிடித்து, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். ஒரு அம்மாள் என்னை வாசற்படி ஏறவே விடாமல் வாங்கிக்கொண்டாள். இன்னும் மூன்று பேரைத் தேட வேண்டும். மூலை வெட்டாத படங்கள் என்னிடம் இருக்கும். பம்பாய்க்கு ஒன்றும் வராது. உன் பத்திரிகை ஆசிரியரிடம் அவற்றைப் பற்றி என்ன சொல்லுவாயோ, அது உன் பாடு. மற்ற மூன்று படங்களின் மேல் இருக்கும் உன் பெயரைப் பற்றி நான் இப்போது பேசப்போவதில்லை. அது நமக்குள் வெகுகாலம் இருக்கப்போகிற பேச்சு. நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

ஜைத்தூனின் நெகடிவை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வா. ரயிலிலிருந்து இறங்கி என்னிடம் வராதே, நேரே தெற்குவாசல் போ. அந்த வீட்டு அடுப்படிவரை ஓடிய வயது போய்விட்டது. மீசை வந்தவன் வாசலோடு நிற்க வேண்டும். வாசலில் பச்சைத் திரை தொங்கும். குரல் கொடுத்து உன் பெயரைச் சொல். அவள் வந்து திரைக்குப் பின்னால் நிற்பாள். நெகடிவைத் திரையின் ஓரமாக நீட்டினால் வாங்கிக்கொள்வாள். வாங்கிவிட்டாள் என்று உடனே திரும்பிவிடாதே. அது மெல்லிய துணி. வெளியில் நிற்கிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிறவளுக்கு, வெயிலில் நிற்கிறவன் முகம் நன்றாகத் தெரியும். அவள் உன்னைப் பார்த்து முடிக்கிறவரைக்கும் நில்.

அம்மா